எஸ்தோனியாவின் இணைய வாக்குப்பதிவு

பால்டிக் கடலோர நாடான எஸ்தோனியாவில் 2005 முதல் நடைமுறையில் உள்ள வாக்களிப்பு முறை. நாடு முழுவதும் சட்டப்படி செல்லுபடியாகும் இணைய வாக்கை உலகில் முதலில் அனுமதித்தது அந்த ஆண்டின் உள்ளாட்சித் தேர்தலே. அப்போது 9,317 பேர் இவ்வாறு வாக்களித்தனர். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பதிவானவற்றில் பாதிக்கு மேல் இணைய வாக்குகள்.

வாக்காளர் சிப் பதித்த அடையாள அட்டையைக் கணினியில் செருகி, ஒரு ரகசிய எண்ணால் உள்நுழைந்து, இன்னொன்றால் கையொப்பமிடுகிறார். தபால் வாக்கின் உள்ளுறை, வெளியுறை ஏற்பாடுதான் இதற்கும் அடிப்படை: குறியாக்கம் செய்த வாக்கு உள்ளே, கையொப்பம் வெளியே. எண்ணுமுன் கையொப்பத்தைப் பிரித்துவிடுவார்கள்.

வீட்டில் வாக்களிப்பவர் பக்கத்தில் கணவரோ முதலாளியோ நின்று மிரட்டினால்? எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வாக்களிக்கலாம், கடைசி வாக்கே கணக்கு என்பது எஸ்தோனியாவின் விடை. இணையத்தில் வாக்களிப்போருக்கு மட்டும் இந்தச் சலுகையா என்று அப்போதைய அதிபர் ஆர்னோல்ட் ரூட்டெல் நீதிமன்றம் போனார். வாக்கின் சுதந்திரத்தைக் காக்க இது தேவை என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாக்காளரின் சொந்தக் கணினிதான் தீராத தலைவலி. அதில் புகுந்த நிரல் அவருக்கே தெரியாமல் வாக்கைத் தடுக்க முடியும் என்று 2011இல் ஒரு மாணவர் செய்து காட்டினார். அவர் தொடுத்த வழக்கு தள்ளுபடியானாலும் குறை நிலைத்தது. 2013இல், வாக்களித்த சிறிது நேரத்துக்குள் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் வருடி, தன் வாக்கு யாருக்குப் பதிவானது என்று பார்க்கும் வசதி வந்தது. வாக்கை விலைக்கு வாங்குபவருக்கு இதுவே சான்றாகிவிடாதா? பிறகு மாற்றி வாக்களிக்க முடியும் என்பதால் அந்தச் சான்றுக்குப் பெரிய மதிப்பில்லை.

சர்வர் பக்கமும் ஓட்டைகள் இருந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு, குறியாக்கக் கணிதத்தின் குறையைவிட அலுவலக ஒழுங்கீனத்தைத்தான் அதிகம் அம்பலப்படுத்தியது. அதிகாரிகளே வெளியிட்ட வீடியோவில் சுவரில் ஒட்டிய வைஃபை கடவுச்சொல் தெரிந்தது! முறையையே கைவிடச் சொன்னது அந்தக் குழு, அரசு மறுத்துவிட்டது.

2017இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் அடையாள அட்டைச் சிப்பிலேயே குறியாக்கப் பலவீனத்தைக் கண்டுபிடித்தனர், சுமார் 7.5 லட்சம் அட்டைகள் பாதிக்கப்பட்டன. அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் இணைய வாக்குப்பதிவை நிறுத்தாமல் நடத்திய அரசு, நவம்பரில் அந்த அட்டைகளின் மின்சான்றுகளை முடக்கியது. இந்த வரிசை விமர்சனத்துக்கு உரியதே.

2023இல் சந்தேகம் கட்சி அரசியலிலும் எதிரொலித்தது. முதலில் எண்ணப்பட்ட காகித வாக்குகளில் வலதுசாரி எக்ரே கட்சி முன்னிலை பெற்றது. இணைய வாக்குகள் சேர்ந்ததும் சீர்திருத்தக் கட்சி தாண்டிச் சென்றது. எக்ரே முறையிட்டது; உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.