கொலோன் நகரத்துக் கோபுரங்கள்

ரைன் நதியின் பாலத்தில் ரயில் ஏறியதும் பயணிகள் ஜன்னல் பக்கம் திரும்புகின்றனர். அக்கரையில் இரு கருங்கோபுரங்கள் வானளாவி நிற்கின்றன. கொலோன் நகரம் வந்துவிட்டது. நிலையத்தின் வாயிலைத் தாண்டினால், பேராலயம் எதிரே நிற்கும். அண்ணாந்து பார்ப்பவருக்கு, அது என்றென்றும் அங்கேயே இருந்ததாகத் தோன்றும். நேயர்களே, உண்மை அதுவன்று. அதன் வரலாற்றில் பெரும்பகுதி குறையாக நின்ற கதைதான்.

கீழ்த்திசை ஞானியர் மூவருடையவை என்று போற்றப்பட்ட திருப்பண்டங்கள் 1164-ல் இந்நகருக்கு வந்தன. அவற்றைத் தரிசிக்கக் கூட்டம் பெருகியது. பழைய கோயில் இடம் போதாமல், 1248-ல் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினர். கருவறைப் பகுதி 1322-ல் அர்ச்சிக்கப்பட்டது. ஆனால் 1560-ஐ ஒட்டிப் பொருள் வற்றி, வேலை நின்றது. அரைகுறையாக எழுந்த தெற்குக் கோபுரத்தின் உச்சியில், கல் ஏற்றும் மரப் பாரந்தூக்கி தனியே நின்றது. முந்நூறு ஆண்டுகள் அதுவே ஊரின் அடையாளமாயிற்று!

முகப்பின் பழைய வரைபடத்தில் ஒரு பாதி 1814-ல் டார்ம்ஸ்டாட் நகரிலும், மறு பாதி 1816-ல் பாரிஸிலும் அகப்பட்டன. முன்னோர் கருதிய வடிவம் தெரிந்தது. 1815-ல் நகரம் பிரஷ்யாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நாட்டு மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் 1842-ல் மீண்டும் அடிக்கல் நாட்டினார். பொதுமக்களும் சங்கம் அமைத்து நிதி திரட்டினர். 1880-ல் 157 மீட்டர் உயரக் கோபுரங்கள் நிறைவெய்தின. ஆயினும் அவ்விழாவில் நகரத்தின் பேராயர் இல்லை. அரசுக்கும் திருச்சபைக்கும் மூண்ட பிணக்கால் அவர் அயல்நாட்டில் வாழ்ந்தார். கல் இணைந்தது, மனங்கள் இணையவில்லை.

1942-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இரவு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் கொலோன் மீது ஏவப்பட்டன. போர் முடிந்தபோது பழைய நகரின் பெரும்பகுதி கற்குவியலாகிவிட்டது. பேராலயமும் பல குண்டுகளை ஏற்றது. வடக்குக் கோபுரத்தைத் தாங்கும் தூண் 1943-ல் பிளந்தது. போர் ஓயட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. செங்கல்லால் அவசரமாக அடைத்துவிட்டனர். அழகற்ற அந்த ஒட்டு, கோபுரத்தைக் காத்தது. 2005 வரை அது வழிப்போக்கரின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பின்னரே அதன் மீது கல் போர்த்தினர்.

இன்றும் ஆலயத்தின் ஏதேனும் ஒரு மூலையில் சாரம் கட்டியிருக்கும். காற்றும் மழையும் அரித்த கல்லை எடுத்து, சிற்பிகள் புதுக்கல் பதிக்கின்றனர். இந்த ஆலயம் முடிந்தால் உலகமும் முடியும் என்று கொலோன் மக்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1248-ல் முதற்கல்லை வைத்தவர் கோபுரத்தைக் காணவில்லை. இன்று கல் பதிப்பவரும் வேலையின் முடிவைக் காணப்போவதில்லை. அதை அறிந்தே அவர் உளியை எடுக்கிறார்.