வாய்க்குள் ஒரு விளக்கு

ஆரணியில் நான் பல் மருத்துவம் தொடங்கிய முதல் ஆண்டில் நெசவாளர் ஒருவர் கடைவாய்ப் பல் வலியென்று வந்தார். வெற்றிலையும் புகையிலையும் அடக்கிப் பழகிய அவரது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தென்பட்டது. ‘சிறிய திட்டு’ என்று குறிப்பேட்டில் எழுதி, புகையிலையை விடச் சொல்லி, இரு வாரத்தில் வருமாறு கூறினேன். அவர் வந்ததோ ஆறு திங்கள் கழித்து. திட்டு வளர்ந்திருக்கிறதா, இல்லையா? ‘சிறிய’ என்ற சொல் எனக்கு எந்த விடையும் தரவில்லை. புற்றாக மாறக்கூடிய திட்டு என்பதால், சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். அன்று மாலையே புகைப்படக் கருவி வாங்க முடிவு செய்தேன்.

நேயர்களே, பல் மருத்துவத்துக்கும் புகைப்படத்துக்கும் உறவு பழையது. பாரிசில் தாகேரின் முறை வெளியானது 1839-இல். அதே ஆண்டில் நியூயார்க்கில் மனித முகத்தைப் படமெடுத்த அலெக்சாண்டர் உல்காட், பல் மருத்துவக் கருவிகள் செய்பவர். நெடுநேரம் அசையாமல் யாரால் அமர முடியும்? ஆகவே வில்லைக்குப் பதிலாகக் குழியாடியைப் பெட்டிக்குள் வைத்து ஒளியை மிகுதியாகத் திரட்டினார். 1840-இல் ஜான் ஜான்சனுடன் முகப்பட நிலையமும் திறந்தார். பல் வைத்தியரின் சிறு ஆடியை அறிந்தவருக்கு ஆடி நினைவு வந்ததில் வியப்பில்லை என்பது என் ஊகம்.

வாயின் இருளுக்கேற்ற விளக்கு மெல்லத்தான் வந்தது. ஜப்பானிய நிறுவனமொன்று 1962-இல் மருத்துவத்துக்கென்றே வெளியிட்ட ‘மெடிக்கல் நிக்கோர்’ வில்லையின் முகப்பைச் சுற்றி வளையமாக மின்னொளி அமைந்திருந்தது. நிழல் ஒதுங்க இடமில்லை.

என் முதற் படங்களைச் சொல்ல வெட்கம். ஆடியில் மூச்சு படிந்து பனிமூட்டம். பாதிப் படத்தில் நாக்கு. பற்களோ மஞ்சளாகத் தெரிந்தன. சாயத் தொழிலாளி ஒருவர் அதைக் கண்டு சிரித்தார். பட்டு நூலின் நிறத்தை விளக்கடியில் பார்த்து முடிவு செய்யலாகாது, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது அவர் தொழிற் பாடம். நிறம் ஒளியைப் பொறுத்தது என்று கல்லூரியிலும் படித்தேன். மனத்தில் பதிந்தது அன்றுதான். பின்னர் ஆடியை வெந்நீரில் நனைத்துத் துடைத்தேன். கன்னத்தை விலக்கும் கொக்கியை நோயாளியையே பிடிக்கச் சொன்னேன். துளையைச் சுருக்கி, ஒரே தூரம், ஒரே ஒளி, ஒரே கோணம் என்று வரையறுத்தேன். திட்டின் அருகே சிறு அளவுகோல் வைத்தேன். ஆடியில் எடுத்த படம் இடம் வலமாக மாறும். திருப்பிச் சேமிக்காவிடில் வலக் கன்னம் இடக் கன்னமாகிவிடும்.

நெசவாளருக்குச் சோதனையில் புற்றில்லை என்று வந்தது. ஆயினும் மூன்று திங்களுக்கொரு முறை பார்க்க வேண்டியிருந்தது. அவர் இசைவுடன் ஒவ்வொரு முறையும் படமெடுத்தேன். புகையிலையையும் விட்டிருந்தார். நான்காம் முறை, இரு படங்களையும் அருகருகே காட்டினேன். புடவையைச் சோதிப்பவர்போலக் குனிந்து பார்த்து, விரல் வைத்தார்.

“டாக்டர், கரை உள்ளே வாங்கியிருக்கு.”

அளவிட்டேன். இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது.