தோட்ட எல்லைக்குள் தொழிற்சங்கம்: ஜோகூரும் இலங்கையும்

தொழிலாளி வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும் முதலாளியின் சொத்தாக இருந்தால், சங்கத்தார் அவரை எங்கே சந்திப்பது? ஆஸ்திரேலியாவில் கட்டுமானத் தளங்களுக்குள் சங்கத்தார் நுழைவதை எதிர்த்து நிறுவனங்கள் நீதிமன்றத் தடையுத்தரவு கேட்பதுண்டு. அதே சிக்கலைத் தமிழ்த் தொழிலாளர்கள் இரப்பர், தேயிலைத் தோட்டங்களில் முன்பே சந்தித்தார்கள். அதற்கு மலாயாவின் ஜோகூரும் இலங்கையும் கண்ட விடைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

இலங்கையில் லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசைக் குடியிருப்புக்கு உறவினர் வரவும் தோட்ட மேலாளரான துரையின் அனுமதி தேவைப்பட்ட காலம் அது. தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர், தொழிலாளர் நிலையை நேரில் அறியப் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் புகுந்தார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, அட்டன் நகரமே அவருடைய களமாயிற்று. அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார்.

1935இன் தொழிற்சங்கச் சட்டம் சங்கங்களுக்குப் பதிவு தந்தது; தோட்டத்துக்குள் செல்ல வழி தரவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதே ஆண்டு தோட்ட முதலாளிகளோடு ஏழு அம்ச ஒப்பந்தம் கையெழுத்தாகி, சங்கங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தம் சொத்துரிமையை மாற்றவில்லை. அத்துமீறி நுழைதல் என்ற தண்டனைச் சட்டப் பிரிவு துரையின் கையில் இருந்தது.

அப்பிரிவின் எல்லையைச் செல்வநாயகம் வழக்கு வரைந்தது. வேலைநீக்க அறிவித்தலுக்குப் பிறகும் லயத்தைவிட்டுப் போக மறுத்த தொழிலாளி ஒருவர் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் அத்தண்டனை நிலைக்கவில்லை; வழக்கு 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒருவர் இருப்பதால் உரிமையாளருக்குத் தொல்லை ஏற்படும் என்று அவர் அறிந்திருப்பது மட்டும் குற்றமாகாது. தொல்லை தருவதே அவருடைய முதன்மை நோக்கம் என்று நிறுவ வேண்டும் என்றது தீர்ப்பு. குடியிருப்பவருக்கு இது அரணாயிற்று. வெளியிலிருந்து வரும் சங்கத்தாருக்கோ நுழையும் உரிமை இதனால் பிறக்கவில்லை.

மலாயாவில் நடந்தது வேறு. 1948 ஜூன் 1 அன்று ஜோகூரின் சிகாமட்டில் சான் காங் ஸ்வீ தோட்டத்து வேலைநிறுத்தக்காரர்களைப் போலீஸ் தாக்கியதில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். அம்மாதமே தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, செயலாளர் தவிர, சங்கம் சார்ந்த தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இல்லாதவர் சங்கப் பொறுப்பாளராக முடியாது. வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாக இணைய முடியாது. எஸ். ஏ. கணபதி தலைமை வகித்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் இதனால் சட்டத் தகுதியை இழந்தது. பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரநிலை தொடர, கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். வாசலில் நிற்கும் ‘வெளியாளை’த் தடுக்க அத்துமீறல் வழக்கு தேவையில்லை, பதிவுச் சட்டமே போதும் என்றாயிற்று. பின்னர் 1954இல் ஜோகூர் மாநிலத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உள்ளிட்டவை இணைந்து, பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது.

இலங்கையில் ஐக்கிய முன்னணி அரசு பதவியேற்ற 1970ஆம் ஆண்டிலேயே, தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் பிரவேசிப்பதற்கான 25ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1935இல் கிடைத்த பதிவுக்கும் இந்த நுழைவுரிமைக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

யார் சங்கத்தை நடத்தலாம் என்ற கேள்வியை மலாயாச் சட்டம் எழுப்பி, ஆட்களை வடிகட்டியது. சங்கம் எங்கே செல்லலாம் என்ற கேள்விக்கு இலங்கைச் சட்டம் விடை தந்தது. பதிவும் அங்கீகாரமும் சங்கத்துக்குப் பெயர் தரலாம். தொழிலாளி இருக்கும் இடத்துக்குப் போகும் வழி சட்டத்தில் எழுதப்படாதவரை, அந்தப் பெயர் சொத்துரிமையின் முன் செல்லுபடியாவதில்லை.