வால்பாறை

வால்பாறை, கோயம்புத்தூர் மாவட்டத்தின் தென்கோடியில் ஆனைமலைத் தொடரின் மேல் அமைந்த தேயிலை நகராட்சி. அதே பெயருள்ள வட்டத்தின் தலைமையிடம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில், பொள்ளாச்சியிலிருந்து 64 கி.மீ. தொலைவில் உள்ளது. பெயர் நகராட்சி என்றாலும் கடைவீதியைத் தாண்டினால் எஸ்டேட்தான். நிலத்தின் பெரும்பகுதி தோட்ட நிறுவனங்களிடமும் வனத்துறையிடமும் இருப்பதால், இங்கே குடியிருப்பு என்பது வேலையோடு ஒட்டியது. ஊரின் மக்கள்தொகை தேயிலையோடு சேர்ந்தே ஏறி இறங்கியிருக்கிறது.

நில அமைப்பு

ஆழியாறு அணையை ஒட்டி ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. 9ஆம் வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனையில் நின்றால் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும். வரையாடுகள் சாலையோரமே மேயும். மேலே, சுமார் 220 சதுர கி.மீ. பீடபூமி. அதைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும்.

தென்மேற்குப் பருவமழையை முதலில் வாங்கும் மலை இது. கோயம்புத்தூர் நகரில் ஆண்டுக்குப் பெய்யும் மழையைப் போல் இங்கே பல மடங்கு பெய்கிறது. அதிலும் சின்னக்கல்லாறு, தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. இயல்பாக மேற்கே ஓடும் நீராறு, சோலையாறு நீரைப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் அணைகளிலும் சுரங்கங்களிலும் திருப்பிக் கிழக்கே கொண்டுவருகிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களும் தென்னந்தோப்புகளும் நம்பியிருப்பது இந்த மழையைத்தான்.

வரலாறு

காடர் முதலிய பழங்குடிகள் வாழ்ந்த இக்காட்டில் 19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பி வந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் தேயிலை பரவத் தொடங்கியது. தோட்டங்களை உருவாக்கியவர்களில் கார்வர் மார்ஷ் என்ற ஆங்கிலேயரின் பெயர் நிலைத்தது.

சோலைகளை வெட்டிச் செடி நட ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் சமவெளிக் கிராமங்களுக்குப் போய் முன்பணம் கொடுத்துக் குடும்பங்களை அழைத்துவந்தார்கள். மலேரியாவும் கடனும் அவர்களைத் துரத்தின. 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் இதை ஆங்கில நாவலாக எழுதி 1969இல் வெளியிட்டார். தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’. பாலாவின் ‘பரதேசி’ (2013) படத்துக்கு ஆதாரமும் அதுவே. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது.

மக்கள்தொகை

2001 கணக்கெடுப்பில் சுமார் 95,000 பேர் இருந்தனர். 2011இல் சுமார் 71,000. பத்தே ஆண்டில் நான்கில் ஒரு பங்கு குறைவு. தேயிலை விலைச் சரிவு ஒரு காரணம். கொழுந்து பறிக்கப் பிள்ளைகள் முன்வராமல் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் கோவைக்கும் இறங்கியது இன்னொன்று. அடுத்தது வீடு. லைன் வீடு வேலையில் இருப்பவருக்கே உரியது. ஓய்வுபெற்றால் காலிசெய்ய வேண்டும். மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களும் அறுபதை ஒட்டி மலையிறங்க நேர்கிறது. அவர்கள் விட்டுச்சென்ற வரிசைகளில் இப்போது அசாம், ஜார்க்கண்ட், பீகார் தொழிலாளர்களும் குடியிருக்கிறார்கள். கடைவீதியில் தமிழ், மலையாளத்துடன் இந்தியும் கேட்கிறது.

காட்டுயிர்

தேயிலைக்கு நடுவே மிஞ்சிய துண்டுச்சோலைகளில் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் வாழ்கின்றன. யானைகளுக்கு இது பழைய வழித்தடம். இரவில் தோட்டச் சாலையில் வருபவர் எதிர்பாராமல் யானைமுன் நிற்பதே பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணமாக இருந்தது. அதனால் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியிலும் கேபிள் டிவியிலும் அறிவிக்கும் ஏற்பாட்டை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் கொண்டுவந்தனர். முக்கியமான திருப்பங்களில் சிவப்பு விளக்குகள் உள்ளன. யானையைக் கண்டவர் கைப்பேசியில் அழைத்தால் விளக்கு எரியும். கடைசிப் பேருந்தில் இறங்குபவர், லைன் வீட்டுக்கு நடக்கும் முன் பார்ப்பது அந்த விளக்கைத்தான்.