கிணத்துல கிடைச்ச பாண்டியர் பாத்திரம் :-)

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப வீட்டுக் கிணத்தைத் தூர் வாரினாங்க. சேத்தோட சேந்து மூணு பாத்திரத் துண்டு மேல வந்துச்சு. ஒண்ணுல ஏதோ எழுத்து. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்த சித்தப்பா, "டேய், வட்டெழுத்துடா! பாண்டியர் காலம்!"னு ஒரே போடா போட்டாரு. எனக்கும் ரெண்டு நிமிசம் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு.

அதுக்குள்ள அம்மா புளியோட வந்துட்டாங்க. "கொஞ்சம் இரும்மா"ன்னு தடுத்துட்டேன். புளி போட்டுத் தேய்ச்சா களிம்போட சேந்து எழுத்தும் மழுங்கிடும். தண்ணியில அலசிக் காய வச்சாப் போதும். களிம்பை வச்சு வயசு சொல்றதும் வேலைக்காகாது. ஈர மண்ணுல கிடந்தா சில வருசத்துலயே பச்சை ஏறிடும்.

சரி, துண்டுகளுக்கு வருவோம்.

முதல் துண்டு, ஒரு விளிம்பு. வளையாம ஓடு மாதிரி உடைஞ்சிருந்துச்சு. உடைஞ்ச இடம் வெளிறின மஞ்சள். வெண்கலம்! செம்போட வெள்ளீயம் அதிகமா சேர்ந்தா உலோகம் கணீர்னு சத்தம் கொடுக்கும், ஆனா கீழ போட்டா உடைஞ்சிடும். ஆதிச்சநல்லூர்ல 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினப்போ தாழிகளோட வெண்கலப் பாத்திரங்களும் கிடைச்சுது. ஆனா வெண்கலப் பானை இன்னைக்கும் கடையில விக்குது. அதனால வெண்கலம்ங்கிறதை மட்டும் வச்சு வயசு சொல்ல முடியாது.

ரெண்டாவது, நசுங்கிப்போன மூடி. காத்து மாதிரி லேசு, அலுமினியம். மின்சாரத்தால அலுமினியம் பிரிச்செடுக்கிற முறையைக் கண்டுபிடிச்சதே 1886லதான். சென்னை கலைப்பள்ளியில ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பிச்சது 1898. ஆக நம்ம மூடி அதுக்கு முந்தினதா இருக்க வாய்ப்பே இல்ல. எவர்சில்வரும் இதே கதைதான். ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டுல அதை உருக்கினது 1913.

எனக்குப் புரிஞ்ச சூத்திரம் இவ்வளவுதான்: பழைய உலோகத்துல புதுப் பாத்திரம் இருக்கலாம், புது உலோகத்துல பழைய பாத்திரம் இருக்க முடியாது.

"அப்ப மூடியோட கிடைச்ச மத்ததும் அதே காலமா?"ன்னு கேப்பீங்க. கிணத்துச் சேறு ஒவ்வொரு தூர் வாரலுக்கும் கலங்கிக் கலங்கி மேல கீழ ஆயிடும். அதனால பக்கத்துல கிடந்துச்சுங்கிறது இங்க சாட்சியாகாது.

மூணாவதுதான் நம்ம பாண்டியர் துண்டு. உடையாம மடங்கியிருந்த பித்தளை. உளியால புள்ளி புள்ளியாத் தட்டி எழுதின எழுத்து. இப்பல்லாம் பாத்திரக் கடையில மெஷின்ல கோடு கோடா பேரு வெட்டித் தர்றாங்க, அது இல்ல. சித்தப்பா வட்டெழுத்துன்னு சொன்ன எழுத்தைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. யானைத் துதிக்கை மாதிரி முன்னாடி ஒரு சுழி போட்ட பழைய 'லை'! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி எல்லாரும் எழுதினதுதான். அப்படி எழுதிப் பழகினவங்க பின்னாடியும் அப்படியே எழுதினாங்க. பெரியார் 1935லேயே குடிஅரசுல புது 'லை' போட்டாரு. அதனால இதையும் கறாரான தேதின்னு எடுத்துக்க முடியாது, ஒரு குறிப்பு மட்டும்தான்.

முன்னாடி உடைஞ்சு போக மிச்சம் இருந்தது 'லையம்மாள்'.

அப்பத்தா கையில கொடுத்தேன். விரலாலயே தடவிப் பாத்தாங்க. "சோலையம்மா... எங்க மாமியா பேருடா. சீருக்குக் கொண்டாந்த கொடம்."

தாத்தா, அவங்களுக்குத் தலைச்சன் பிள்ளை. பிறந்தது 1926. ஆக கல்யாணமும் கொடமும் அதுக்குச் சில வருசம் முந்தி. மூணு துண்டுல தேதி கிடைச்சது இது ஒண்ணுக்குத்தான். கொடுத்தது உலோகம் இல்ல, அப்பத்தாவோட ஞாபகம்.

சித்தப்பாவுக்குத்தான் ஏமாத்தம், நூறு வருசம்தானான்னு. ஆனா பூட்டிக்கு ஒரு போட்டோ கூட எங்க வீட்ல இல்ல. அவங்க பேர் எழுதின பொருள்னு மிச்சம் இருக்கிறது இந்தத் துண்டு மட்டும்தான். நல்லா இருந்த அண்டா குண்டானையெல்லாம் எண்பதுகள்ல எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிட்டோம். அதுல எத்தனை பேர் இருந்துச்சோ.

உங்க வீட்டுப் பரண்லயும் ஏதாச்சும் கிடக்கும். எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி திருப்பிப் பாத்து, வீட்ல பெரியவங்க கையில ஒரு தடவை கொடுத்துடுங்க மக்களே.