அத்திப்பழப் பீப்பாய்களும் கூட்டல் கழித்தலும்

"45-லிருந்து 18-ஐக் கழி" என்று சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை கண்ணிமைக்கும் நேரத்தில் 27 என்று எழுதிவிடும். அதே இரண்டு எண்களை ஒரு கதைக்குள் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். உடனே ஒரு கேள்வி வரும்... "சார், இது கூட்டலா, கழித்தலா?"

அந்தக் கேள்விக்குப் பல வகுப்புகளில் திட்டுதான் பதிலாகக் கிடைக்கிறது. ஆனால் வாக்கியக் கணக்கின் வரலாற்றைப் புரட்டினால், கணக்கின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது புரியும். இன்னொரு ஆச்சரியமும் உண்டு. நாம் எழுதும் + மற்றும் − குறிகள் அச்சில் முதன்முதலாக வந்ததே ஒரு வியாபாரக் கணக்குப் புத்தகத்தில்தான்!

முதலில் நம் பக்கத்துக் கதை. கி.பி. 1150-இல் பாஸ்கரர் சமஸ்கிருதத்தில் எழுதிய லீலாவதியில் கூட்டல் கழித்தலுக்கு ஒரு கணக்கு வருகிறது. 2, 5, 32, 193, 18, 10, 100 ஆகியவற்றின் கூட்டுத்தொகை என்ன, அதைப் பத்தாயிரத்திலிருந்து கழித்தால் மீதி என்ன என்று கேட்கிறார். கூட்டினால் 360, மீதி 9640. கணக்கு செய்யுளில் இருக்கிறது. எதைக் கூட்டுவது, எதிலிருந்து கழிப்பது என்பதைச் சொற்களே சொல்லிவிடுகின்றன.

குறி என்றவுடன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய பாகிஸ்தானில் உள்ள பக்ஷாலி என்ற கிராமத்தில் 1881-இல் ஒரு பழைய கணக்குச் சுவடி கிடைத்தது. அதில் கழிக்க வேண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டிருக்கிறார்கள். அது பார்ப்பதற்கு நம்முடைய + மாதிரியே இருக்கிறது! குறி என்பது ஊருக்கு ஊர் மாறும் ஏற்பாடுதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். அச்சு இயந்திரம் வந்த சில பத்தாண்டுகளிலேயே கணக்குப் புத்தகங்களும் அச்சேறத் தொடங்கின. 1478-இல் இத்தாலியின் திரெவிசோ நகரில் ஒன்று வந்தது. 1489-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோஹான்னஸ் விட்மன் என்பவரின் புத்தகம் வந்தது. வியாபாரிகளுக்காக ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட புத்தகம் அது. + மற்றும் − குறிகள் அச்சில் தலைகாட்டியது அதில்தான்.

அதில் வரும் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு வியாபாரி 13 பீப்பாய் அத்திப்பழம் வாங்குகிறார். ஒவ்வொரு பீப்பாயின் எடையும் செண்ட்னர் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு செண்ட்னர் என்பது 100 பவுண்டு. ஆனால் எந்தப் பீப்பாயும் சரியாக 400 பவுண்டு, 300 பவுண்டு என்று நிற்பதில்லையே! முதல் பீப்பாய் "4 + 5". அதாவது நான்கு செண்ட்னருக்கு மேல் 5 பவுண்டு அதிகம். இரண்டாவது பீப்பாய் "4 − 17". நான்கு செண்ட்னருக்கு 17 பவுண்டு குறைவு. இப்படியே 13 பீப்பாய்களுக்கும் பட்டியல் போகிறது.

இங்கே + என்பது "மிச்சம் இருக்கிறது", − என்பது "குறைகிறது" என்ற அடையாளம். சரக்கைப் பற்றிய சேதி அது. "கூட்டு", "கழி" என்ற கட்டளையாக அதைப் பார்ப்பது பிறகு வந்த பழக்கம்.

இப்போது கணக்கைப் போடுவோம். முழுச் செண்ட்னர்கள் மட்டும் 43, அதாவது 4300 பவுண்டு. அதிகம் என்று குறித்தவை எல்லாம் சேர்ந்து 239. இரண்டும் சேர்ந்தால் 4539. குறைவு என்று குறித்தவற்றின் கூட்டுத்தொகை 75.

அப்படியானால் 75-ஐக் கழித்தால் முடிந்ததா? இல்லை! பீப்பாய் மரத்தால் ஆனது. அதற்கும் எடை உண்டு. ஒவ்வொரு வெறும் பீப்பாய்க்கும் 24 பவுண்டு தள்ள வேண்டும். 13 பீப்பாய்க்கு 312. குறைவு 75, மரத்தின் எடை 312, இரண்டையும் முதலில் கூட்டினால் 387. அதை 4539-இலிருந்து கழித்தால் 4152 பவுண்டு. அதுதான் அத்திப்பழத்தின் நிகர எடை.

கழிப்பதற்காகவே கூட்ட வேண்டியிருக்கிறது, கவனித்தீர்களா? பீப்பாயின் எடையை ஏன் தள்ள வேண்டும் என்பதை எந்தக் குறியும் சொல்லாது. சரக்கைக் கண்ணால் பார்த்தவனுக்கு, அல்லது பார்த்தது போலக் கற்பனை செய்யத் தெரிந்தவனுக்குத்தான் அது தெரியும். மறந்துவிட்டால் 312 பவுண்டு மரத்தை அத்திப்பழ விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும்! இன்றைய வணிகவியல் மாணவர்கள் மொத்த எடை, நிகர எடை என்று படிப்பதும் இதைத்தான்.

இந்தத் திறமைக்கு அன்று சந்தையில் நல்ல மதிப்பு இருந்தது. கணக்கு கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசான்கள் ஜெர்மன் நகரங்களில் இருந்தார்கள். அவர்களில் மிகப் புகழ்பெற்றவர் ஆடம் ரீஸ். அவருடைய புத்தகம் 1522-இல் வந்தது. ஒரு கூட்டுத்தொகை சரிதான் என்று அடித்துச் சொல்ல, "ஆடம் ரீஸ் கணக்குப்படி" என்று ஜெர்மானியர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1557-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்ட் = என்ற சமக்குறியை அறிமுகம் செய்தார். அதே புத்தகத்தில் + மற்றும் − குறிகளையும் பயன்படுத்தினார். பண்டகசாலையை விட்டுக் கிளம்பிய குறிகள் மெல்ல மெல்லப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு வந்து சேர்ந்தன.

வந்து சேர்ந்தபோது சரக்கு பின்தங்கிவிட்டது. குறி மட்டும் மிஞ்சியது. அதன் விளைவு என்ன?

1980-ஐ ஒட்டி பிரான்சின் கிரெனோபிள் நகரில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன என்று சிறு வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் கொடுத்த எண்களை வைத்தே வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! சிரிப்பாக இருந்தாலும் குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. "கணக்கு என்றால் விடை இருந்தே தீரும், கொடுத்த எண்களை எப்படியாவது பயன்படுத்த வேண்டும்" என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள்.

"மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி, அதிகம் என்று வந்தால் கூட்டு" என்ற குறுக்கு வழியும் இந்தப் பழக்கத்தின் தம்பிதான். இதைப் பாருங்கள்: கண்ணனிடம் 12 ரூபாய் இருக்கிறது. அது முருகனிடம் இருப்பதைவிட 5 ரூபாய் அதிகம். முருகனிடம் எவ்வளவு? "அதிகம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கூட்டினால் 17 வரும். சரியான விடை 7. மேரி ரைலி, ஜேம்ஸ் கிரீனோ, ஜோன் ஹெல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1983-இல் கூட்டல் கழித்தல் கணக்குகளை வகைப்படுத்தினார்கள். ஒரே எண்களாக இருந்தாலும், இருவரிடம் இருப்பதை ஒப்பிடும் கணக்குகள் பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். இடறுவது எண்ணில் இல்லை, நிலைமையைப் புரிந்துகொள்வதில்!

ஆக, 1489-இன் வியாபாரி முதலில் சரக்கைப் பார்த்தார், பிறகு குறி போட்டார். இன்றைய மாணவன் முதலில் குறியைத் தேடுகிறான், சரக்கைப் பார்ப்பதே இல்லை. கால்குலேட்டர் கூட்டும், கழிக்கும். ஆனால் பீப்பாய்க்கும் எடை உண்டு என்று அது ஒருநாளும் தானாகச் சொல்லாது.

அடுத்த முறை வீட்டில் ஒரு குட்டிப் பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு வந்து "இது கூட்டலா, கழித்தலா?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "கதையில் என்ன நடந்தது, சொல்லு பார்ப்போம்" என்று திருப்பிக் கேளுங்கள். கதையைச் சரியாகச் சொல்லிவிட்டால் குறி தானாக வந்து உட்காரும்.