பாதை அகலும்போது: ஃப்ரிபூர்க் மாநிலத்துப் பியூல் – புரோக் இரயில்பாதையும் தமிழ்நிலத்து மீட்டர் பாதைகளும்

சுவிற்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் மாநிலத்துத் தென்பகுதியில், கிரூயேர் வட்டாரத்தின் தலைநகரான பியூலிலிருந்து புரோக் என்னும் சிற்றூருக்குச் செல்லும் இரயில்பாதையின் நீளம் ஐந்து கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 1912ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாதை, 2021 ஏப்ரல் வரை 1000 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் பாதையாக விளங்கியது. 2023 ஆகஸ்டில் அது மீண்டும் திறக்கப்பட்டபோது இடைவெளி 1435 மில்லிமீட்டராக மாறியிருந்தது. ஊர்களும் பாதையின் போக்கும் மாறவில்லை. அதன் முடிவிடத்திலுள்ள சாக்லேட் ஆலையும் அங்கேயே உள்ளது. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கு ஓடிய பெட்டிகளில் ஒன்றேனும் இனி அப்பாதையில் உருள இயலாது. இவ்வாறு முன்கூட்டியே நாள் குறிக்கப்பட்டு மறையும் பாதைகளில் பழம்பெட்டிகளை ஓட்டிப் பார்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றியுள்ளது. அவ்வழக்கம் எந்நிலைமைகளில் இயல்வதாகிறது, தமிழர் வாழும் நிலங்களில் அது ஏன் அரிதாயிற்று என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பியூல் நகரம் தன் இரயில் வரலாற்றைத் தொடங்கியதே ஒரு குறையிலிருந்துதான். லோசானையும் பேர்னையும் ஃப்ரிபூர்க் வழியாக இணைத்த முதன்மைப் பாதை 1862இல் நிறைவெய்தியபோது அது பியூலைத் தொடாமல் சென்றது. அக்குறையை ஓரளவு நீக்க 1868இல் ரோமோனிலிருந்து பியூலுக்கு ஒரு கிளைப்பாதை அமைந்தது; அது நியமப் பாதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரூயேரின் மலையடிவாரக் கிராமங்களை இணைக்க வேறொரு வலைப்பின்னல் எழுந்தது. 1901இல் பலேசியூ – ஷாத்தெல்-சான்-தெனி பகுதியும், அடுத்த சில ஆண்டுகளில் பியூல் வழியாக மோன்போவோன் வரையான பகுதியும் திறக்கப்பட்டன. இவை மீட்டர் பாதைகள். தொடக்கத்திலிருந்தே மின்சாரத்தால் இயங்கியவை.

நிலக்கரி இல்லாததும் நீர்வலு மிகுந்ததுமான நாட்டில் இத்தெரிவு வியப்பானதன்று. ஆனால் தமிழ் வாசகர் கருதத்தக்க ஒரு செய்தி இதில் உண்டு. ஈழத்தில் இன்றும் வழங்கும் 'புகையிரதம்' என்ற சொல்லும், தமிழகத்தில் நெடுங்காலம் வழங்கிய 'புகைவண்டி' என்ற சொல்லும் நீராவியின் பிள்ளைகள். கிரூயேரின் மீட்டர் பாதை வண்டிகள் புகையில்லாமலே பிறந்தவை. எஞ்சின் தனியே முன்னால் நின்று இழுக்காமல், பயணிகள் அமரும் பெட்டியிலேயே மோட்டாரைப் பொருத்திய ரயில்கார்களே அங்கு முதன்மை ஊர்திகள். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கின் 'கோச்சி' என்ற சொல்தான் அவற்றுக்கு நன்கு பொருந்தும் போலும்.

புரோக் கிளை இவ்வலைப்பின்னலின் பிற்சேர்க்கை. அது எழுந்த காரணம் ஆலையே. அலெக்சாந்தர் கையே 1898இல் தம் சாக்லேட் ஆலையைப் புரோக்கில் நிறுவினார். கிரூயேரின் பசும்பால் அதற்கு அருகிலேயே கிடைத்தது. பாலை ஊரிலேயே பெறலாம். கொக்கோவையும் சர்க்கரையையும் கடல் தாண்டியே பெறவேண்டும். முடிந்த பொருளும் வெளியே செல்லவேண்டும். ஆகவே பாதையின் முடிவிடம் ஊரின் பெயரை மட்டும் பெறாமல் 'புரோக் – ஆலை' எனப் பெயர்பெற்றது. இன்று அது 'புரோக் – சாக்லேட் ஆலை' என்றே எழுதப்படுகிறது. 2010இல் ஆலை தன் கதவுகளைப் பார்வையாளருக்குப் பெரிய அளவில் திறந்தபின், சரக்கைவிடச் சுற்றுலாப் பயணியரே பாதையின் வாழ்வை நிர்ணயிப்போர் ஆயினர். இப்பெயர்மாற்றமே அதற்குச் சான்று.

மீட்டர் பாதைக்கும் நியமப் பாதைக்கும் இடையிலான முரண் பியூல் நிலையத்தில் நாள்தோறும் தீர்க்கப்படவேண்டியிருந்தது. சரக்கைப் பொறுத்தவரை அதற்கு ஓர் எளிய உபாயம் இருந்தது. நியமப் பாதைச் சரக்குப் பெட்டியை அப்படியே மீட்டர் பாதைக்குரிய சிறு தாங்கு வண்டிகளின் மீது ஏற்றி, உள்ளிருந்த பொருளைத் தொடாமல் ஆலை வரை கொண்டு சென்றனர். பயணிகளை அவ்வாறு ஏற்றிச் செல்ல முடியாது. அவர்கள் பியூலில் இறங்கி மாறியாகவேண்டும். பேர்னிலிருந்து நேரே ஆலை வாயிலுக்கு வரக்கூடிய வண்டி வேண்டும் என்ற முடிவே மீட்டர் பாதையின் ஆயுளை முடித்துவைத்தது. அதை எதிர்த்து வாதிடுவது எளிதன்று. புரோக் போன்ற கிளைகள் பல 1960களில் பேருந்துக்கு வழிவிட்டு முற்றாக அழிந்தன. அதே ஷாத்தெல்-சான்-தெனியிலிருந்து வெவே நோக்கி இறங்கிய மீட்டர் பாதையின் மேற்பகுதி 1969இல் மூடப்பட்டு மறைந்தது. அதனோடு ஒப்பிட்டால் புரோக் தன் உருவை இழந்து உயிரைக் காத்துக்கொண்டது எனலாம்.

இத்தகைய வேளையில்தான் பழைய ரயில்கார்கள் கொட்டகையிலிருந்து வெளிவருகின்றன. கிரூயேர் – ஃப்ரிபூர்க் – முர்த்தென் என்ற பெயரால் 1942இல் ஒன்றிணைந்த நிறுவனத்தின் பழைய ஊர்திகளைப் பேணும் அன்பர் சங்கம் ஒன்று பியூலில் உண்டு. இதுபோன்ற சங்கங்கள் சுவிற்சர்லாந்தில் பல. இவற்றின் உலாக்களுக்குப் பொதுவான ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. கால அட்டவணையின் இடைவெளிகளில் வண்டி நுழைக்கப்படுகிறது. வழியில் படமெடுப்பதற்காகவே நிறுத்தங்கள் ஒழுங்காகின்றன. ஓய்வுபெற்ற ஓட்டுநரும் பணிமனைத் தொழிலாளரும் ஏறிக்கொள்கின்றனர். மர இருக்கையின் கடினம், நேர்மின் மோட்டாரின் ஊளை, தடுப்பிடும்போது எழும் நெடி ஆகியவை எந்த ஆவணக் காப்பகத்திலும் இடம்பெறாதவை. தமிழ் மரபில் 'உலா' என்பது தலைவன் வீதியில் வருவதை மட்டும் பாடுவதன்று; அவனை எதிர்கொண்டு நிற்கும் ஏழு பருவத்து மகளிரையும் பாடுவது. இரயில் உலாவிலும் பெட்டியில் இருப்போரினும், வேலியோரம் நின்று கையசைக்கும் ஊரார்தாம் வரலாற்றாசிரியனுக்குக் கூடுதலாகச் சொல்கின்றனர்.

இவ்வுலா நிகழ இரண்டு நிலைமைகள் வேண்டும். முடிவு முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். பழம்பெட்டி உருள்வதற்கு, முடிவுக்குப் பின்னும் எங்கேனும் ஒரு தண்டவாளம் இருத்தல் வேண்டும். இரண்டாவது நிலைமை பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. பியூலில் மீட்டர் பாதை அழியவில்லை. அதன் ஒரு கிளை மட்டுமே அழிந்தது. பலேசியூவிலிருந்து பியூல் வழியாக மோன்போவோன் செல்லும் பாதை இன்றும் மீட்டர் அளவினதே. மோன்போவோனில் அது மோந்த்ரோ – ஓபர்லாந்து மீட்டர் பாதையோடு சேர்கிறது. அதன் வழியில் ஷாம்பி என்ற இடத்தில், 1966இல் மூடப்பட்டு 1968இல் அருங்காட்சியக இரயிலாக உயிர்பெற்ற புளோனே – ஷாம்பி பாதை தொடங்குகிறது. புரோக்கை இழந்த ரயில்காருக்கு இத்துணை நிலம் எஞ்சியிருக்கிறது. ஆகவே அதைப் பேணும் சங்கத்திற்கும் உயிர் இருக்கிறது. நியமப் பாதைக்கு மாறியபோது மின்னழுத்தமும் 900 வோல்ட் நேர்மின்னிலிருந்து 15,000 வோல்ட் மாறுமின்னாக மாறியதால், சக்கரங்களை அகட்டினாலும் அப்பெட்டி புரோக்குக்குத் திரும்ப முடியாது என்பதும் நினைக்கத்தக்கது.

தமிழகத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. 1870இல் மேயோ பிரபுவின் ஆட்சி இந்தியாவின் இரண்டாம்நிலைப் பாதைகளுக்கு மீட்டர் அளவைத் தெரிந்தது. பிரித்தானியாவே அடியையும் அங்குலத்தையும் விடாதிருந்த காலத்தில், இந்தியாவுக்கு மெட்ரிக் முறை வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் எடுக்கப்பட்ட முடிவு அது. மெட்ரிக் முறை வர இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பாதை மட்டும் அன்றே வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1860களின் தொடக்கத்தில் அகலப்பாதையாக இடப்பட்ட தண்டவாளம், 1870களில் மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. நூறாண்டுக்குப் பின் மறுபடியும் அகலமாக்கப்பட்டது. தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் உலகம் அதன்மேல் எழுந்ததே. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்வண்டி, கிரூயேரின் ரயில்கார்களைப் போலவே மீட்டர் அளவில் நேர்மின்னில் ஓடியது. 2004 ஜூலையில் அது நின்றபோது, இரண்டு தலைமுறைச் சென்னைவாசிகளின் நாள்வழக்கம் ஒன்று முடிவுற்றது.

1992இல் இந்திய இரயில்வே ஒற்றைப் பாதைத் திட்டத்தை வகுத்தபின் மாற்றம் விரைவுபெற்றது. திட்டத்தின் நியாயத்தை மறுப்பது கடினம். சரக்கு மாற்றும் செலவும், வண்டிகள் ஊடாட இயலாமையும் நாட்டின் பெருங்குறைகளாக இருந்தன. ஆனால் ஒரு கிளை மறைய மற்றொரு கிளை நிற்கும் ஃப்ரிபூர்க் நிலைமை இங்கு இல்லை. ஓர் அளவே முழுமையாக அகற்றப்பட்டது. செங்கோட்டை – கொல்லம் பாதை 1904இல் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்த பெருவேலை. அதன் மலைப்பகுதியில் 2010இல் மீட்டர் வண்டி நின்றது. 2018இல்தான் அகலப்பாதையில் வண்டி ஓடியது. கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலம் நிலைத்தது. அதன்மேல் ஓடிய பெட்டிகளுக்குச் சேர வேறு பாதை எதுவும் எஞ்சவில்லை. மதுரை – போடிநாயக்கனூர்ப் பாதை 2010இன் இறுதியில் மூடப்பட்டு 2023 ஜூனில்தான் போடி வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. புரோக்கின் ஐந்து கிலோமீட்டருக்கு இரண்டரை ஆண்டு கூட ஆகவில்லை என்பதை இதோடு ஒப்பிடுவது நீளத்தாலும் நிலத்தாலும் நியாயமன்று. எனினும் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் ஊரார் பேருந்துக்குப் பழகிவிடுவர் என்பது உண்மை. திருச்சியிலும் பெரம்பூரிலும் உள்ள இரயில் அருங்காட்சியகங்கள் பழம்பொருள்களைக் காத்துள்ளன. அவை நிற்கும் பொருள்கள். உலாப் போவன அல்ல.

விதிவிலக்கு நீலகிரி மலை இரயில். அது காப்பாற்றப்பட்டதற்கு 2005இல் யுனெஸ்கோ அளித்த மதிப்பு மட்டுமே காரணமென்பது முழு உண்மையன்று. மேட்டுப்பாளையத்துக்கு வந்து சேர்ந்த பாதை எப்போதுமே அகலப்பாதை. ஆகவே 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் சென்ற மீட்டர் பாதை பிறப்பிலேயே தனித்தீவு. பல்சக்கரம் இல்லாமல் ஏறமுடியாத சரிவை அகலமாக்கி எவருக்கும் பயனில்லை. இத்தீவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் உள்ள உறவு ஆழமானது. அதன் பல்தண்டவாள முறை சுவிஸ் பொறியியலாளர் ரோமன் அப்ட் வகுத்தது. 1914 முதல் அதற்கு வந்த எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் வின்டர்தூர் ஆலையில் செய்யப்பட்டவை. பின்னாளில் அவ்வகை எஞ்சின்களைப் பொன்மலைப் பணிமனையே புதிதாகச் செய்யக் கற்றுக்கொண்டது. பழமையைப் பேணுவது பழம்பொருளைப் பூட்டி வைப்பதன்று, செய்கைத் திறனைத் தொடர்வது என்பதற்கு, கிரூயேரின் கொட்டகைகளுக்கு நிகரான ஒரே தமிழக எடுத்துக்காட்டு பொன்மலையே.

முதல் நிலைமையாகிய முன்னறிவிப்பு, வேறு இரு பாதைகளுக்கு வாய்க்கவேயில்லை. பாம்பனுக்கு அப்பால் தனுஷ்கோடி வரை சென்ற மீட்டர் பாதை 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவுப் புயலில், நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் வண்டியோடு கடலில் மூழ்கியது. யாழ்ப்பாணப் பாதை அகலப்பாதையே. அளவு மாற்றம் அதைத் தொடவில்லை. 1956இல் தொடங்கிய யாழ்தேவி 1990 ஜூனில் யாழ்ப்பாணம் செல்வது நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. கடைசி வண்டி எது என்பதை அதில் பயணித்தோர் அன்று அறியவில்லை. அறிந்திருந்தால் வேலியோரம் நின்றிருப்பர். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பியபோது, 1980களில் புறப்பட்டு ஐரோப்பா சேர்ந்தோர் பலர் சுவிற்சர்லாந்தின் நகரங்களில் நடுவயதைக் கடந்திருந்தனர். நிமிடம் தவறாத சுவிஸ் இரயில்கள் அதற்குள் அவர்களது அன்றாடமாகியிருந்தன.

பியூலில் 2022 டிசம்பரில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. இன்று அங்கு இறங்குவோர் இருவகைத் தண்டவாளங்களையும் ஒரே இடத்தில் காணலாம். அகன்றது ரோமோனையும் பேர்னையும் புரோக்கையும் சேர்கிறது. குறுகியதில் கிரூயேர் கோட்டையின் அடிவாரம் வழியாக மோன்போவோனுக்கு வழக்கமான வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் இடையில், நாள் குறித்து, பழைய ரயில்கார்களும்.